நூற்று அறுபது ராத்தல்

மீனாட்சிபுரம்
15-2-1957, வெள்ளி

தம்பி சைனுதீனுக்கு அக்கா கௌலத் ஸலாம் சொல்லி எழுதுவது. நீயும் பாத்துவும் பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே சுகம் என்று எழுத முடியவில்லை.

தொப்புளுக்கு மேலே ஒரு புடைப்பு இருக்கிறது என்று போன பெருநாளுக்கு நீ வந்தபோது சொன்னேன். அப்போது கோழிமுட்டை அளவு. இப்போது மாதுளம்பழம். தொழும்போது குனிந்தால் சுரீர் என்கிறது. இரண்டு மாதமாக உட்கார்ந்தே தொழுகிறேன். போன வாரம் உன் மச்சான் என்னைப் பாலக்காட்டுக்குக் கூட்டிப் போய் ஒரு டாக்டரிடம் காட்டினார். குடல் பிதுங்குகிறது, வெட்டித் தைக்க வேண்டும், ஆனால் இப்போது முடியாது என்றார் அவர். "இவ்வளவு தடி இருந்தால் தையல் நிக்காது. நூத்தி அறுபது ராத்தலுக்கு எறங்கி வரட்டும், அப்புறம் கத்தி வெக்கிறேன்." இதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. உன் மச்சானைப் பார்த்துச் சொன்னார், மாட்டைப் பற்றி மாட்டுக்காரனிடம் சொல்வது போல.

இன்று ஜும்ஆவுக்கு ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலுக்குப் போன பிறகு கடைக் கதவைச் சாத்திவிட்டு, மூட்டை நிறுக்கும் பெரிய தராசில் உட்கார்ந்தேன். ரம்லாதான் எதிர்த்தட்டில் கல் வைத்தாள். நூற்று எண்பத்து நாலு ராத்தல். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ரம்லாவுக்குப் புதுநகரத்தில் பேசி முடித்திருக்கிறது. மழைக்காலம் கழிந்து நிக்காஹ். மகள் கல்யாணத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூலையில் உட்கார எனக்கு மனமில்லை. நீ கம்பவுண்டருக்குப் படித்தவன். எந்தச் சாப்பாட்டில் எவ்வளவு சத்து என்று ஒரு புத்தகம் வைத்திருந்தாயே, அதைப் பார்த்து நான் எவ்வளவு தின்னலாம் என்று எழுது. இங்கே ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நீ சொல்வதை மட்டும் கேட்கிறேன்.

கௌலத்

*

குமுளி
24-2-1957

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. கவலைப்படாதே. இது மருந்தால் ஆகிற காரியம் இல்லை, கணக்கால் ஆகிற காரியம். கணக்கு என்றால் அதற்கு முடிவு உண்டு.

கலோரி என்று ஒரு அளவு இருக்கிறது. விறகு எரிந்து அடுப்புக்குச் சூடு தருவது போல, சாப்பாடு உடம்புக்குத் தரும் சூடு அது. உன் உடம்புக்கும் நீ பார்க்கும் வீட்டு வேலைக்கும் தினம் இரண்டாயிரம் கலோரி செலவாகும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். நீ ஆயிரத்து நூறு மட்டும் சாப்பிடு. குறைகிற தொள்ளாயிரத்தை உடம்பு தன் கொழுப்பை எரித்து எடுத்துக்கொள்ளும். ஒரு ராத்தல் கொழுப்பு கரைய மூவாயிரத்து ஐந்நூறு கலோரி குறைய வேண்டும். ஆக நாலு நாளைக்கு ஒரு ராத்தல், மாதம் ஏழு. நீ இறங்க வேண்டியது இருபத்து நாலு. ஜூன் மாதம் நீ ஆபரேஷன் மேஜையில் இருப்பாய்.

கடையிலிருந்து அவுன்ஸ் கற்களும் சின்னத் தராசும் எடுத்து அடுப்படியில் வைத்துக்கொள். காலையில் இரண்டு தோசை, இருநூறு. மத்தியானம் சோற்றுக்கு அரிசி நாலு அவுன்ஸ், நானூறு. பருப்பு ஒரு அவுன்ஸ், நூறு. காய் அறுபது. இரவுக்குக் கேழ்வரகு இரண்டு அவுன்ஸ், நூற்றுத் தொண்ணூறு. டீக்குப் பால் மூன்று அவுன்ஸ், ஐம்பத்தைந்து, சர்க்கரை கிடையாது. தேங்காயெண்ணெய் நாள் முழுவதற்கும் அரை அவுன்ஸ், அதுவே நூற்று இருபத்தேழு. எண்ணெயில்தான் ஏமாறுவோம். கை அளவில் ஊற்றாதே, நிறுத்து ஊற்று. அரிசியை வேகவைக்கும் முன்னே நிறுக்க வேண்டும்.

எஸ்டேட் டாக்டர் செபாஸ்டினிடம் கேட்கலாமே என்பாள் பாத்து. அவர் பத்து எஸ்டேட்டுக்கு ஒரே டாக்டர், வாரம் ஒருநாள் வருகிறவர். இந்தக் கணக்குக்கு அவர் எதற்கு? நானே பார்த்துக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை தோறும் எடை பார்த்து மாதம் ஒருமுறை எழுது.

உன் தம்பி
சைனுதீன்

*

மீனாட்சிபுரம்
16-3-1957

சைனுதீனுக்கு,

நேற்று நிறுத்தோம். நூற்று எழுபத்தாறு. ரம்லா மூன்று முறை கல்லை மாற்றி வைத்துப் பார்த்தாள். நீ ஏழு என்றாய், எட்டு இறங்கியிருக்கிறது. நீ எழுதியபடி ஒரு இம்மி மாறவில்லை.

பசி வயிற்றில் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை, அது கையில்தான் இருக்கிறது. குழம்பு கிண்டினால் கை தானாகக் கரண்டியைத் தூக்கி உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கப் போகிறது. இருபத்தைந்து வருடம் அப்படி உப்புப் பார்த்த கை. இப்போது ரம்லா உப்புப் பார்க்கிறாள். உப்பு எப்போதும் கொஞ்சம் தூக்கல்.

நம் வீட்டில் பசியோடு இருப்பது எப்படி என்று உனக்குத் தெரியுமா? முன்னால் கடை, பின்னால் வீடு. நடுவில் ஒரு கதவு. கருப்பட்டி மூட்டை வந்து இறங்கினால் வாசனை படுக்கைவரை வருகிறது. உன் மச்சான் வந்தவர்களிடம் சொல்லிச் சிரிக்கிறார், "எங்க ஊட்ல இப்ப தங்கத்தை நிறுக்கற மாதிரி சோத்தை நிறுக்கறாங்க."

சிரிக்கட்டும். எட்டு ராத்தல் இறங்கிவிட்டது. நோன்பு வருகிறது. நோன்பில் எப்படி என்று எழுது.

கௌலத்

*

குமுளி
23-3-1957

அக்கா,

உன் கடிதத்தைப் பாத்துவுக்குப் படித்துக் காட்டினேன். எனக்கே பெருமையாக இருந்தது. கணக்கு இதுதான்.

நோன்பில் அதே ஆயிரத்து நூறைப் பிரித்துக்கொள். விடியும் முன் சஹருக்கு அறுநூறு. நோன்பு திறக்க ஒரு பேரீச்சம்பழமும் ஒரு கிண்ணம் கஞ்சியும், நெய் இல்லாமல். மீதியை இரவு தராவீஹ் தொழுகை முடிந்த பிறகு. எண்ணெயில் பொரித்தது எதையும் தொடாதே. நோன்பு முடியும்போது நூற்று அறுபத்தெட்டில் இருப்பாய்.

சைனுதீன்

*

மீனாட்சிபுரம்
4-5-1957

தம்பிக்கு,

பெருநாள் கழிந்தது. நேற்று எடை பார்த்தேன். நூற்று எழுபத்து மூன்று.

ஏப்ரல் பன்னிரண்டாம் தேதியும் அதேதான். மூன்று வெள்ளிக்கிழமைகளாகத் தராசு அசையவில்லை. முப்பது நோன்பும் வைத்தேன். பெருநாளன்று வட்டலப்பம் செய்து எல்லாருக்கும் பரிமாறினேன், சட்டியைக்கூட ரம்லாதான் கழுவினாள். பிறகு ஏன் இறங்கவில்லை?

இன்னொன்றும் எழுத வேண்டும். உடம்பு இறங்குகிறது, எடைதான் இறங்கவில்லை. கையிலிருந்து வளையல் தானாகக் கழன்று விழுகிறது. ரவிக்கைத் தோள் தொங்குகிறது. ஆனால் இடுப்பில் துணி பத்தவில்லை, முன்பைவிட ஒரு சாண் கூடுதலாக வேண்டியிருக்கிறது. கண்ணாடியில் பார்த்தால் வேறு ஒருத்தியின் தலையை என் வயிற்றின்மேல் வைத்தது போல் இருக்கிறது. இரண்டு வாய் தின்றதும் வயிறு நிறைந்துவிடுகிறது. நிறுத்து வைத்த நாலு அவுன்ஸ் சோற்றில் பாதியைக் கோழிக்குப் போடுகிறேன்.

பயமாக இருக்கிறது என்று எழுதவில்லை. என்ன என்று கேட்கிறேன், அவ்வளவுதான்.

கௌலத்

*

குமுளி
12-5-1957

அக்காவுக்கு,

எடை இறங்கிக்கொண்டே வந்து நின்றுவிடுவது எல்லாருக்கும் நடப்பதுதான் என்று புத்தகத்தில் இருக்கிறது. இரண்டு காரணம் சொல்லியிருக்கிறார்கள்.

முதலாவது, உடம்பு சிறுத்தால் அதன் தேவையும் சிறுத்துவிடும். நூற்று எண்பத்து நாலு ராத்தல் உடம்பைச் சுமந்து நடக்க ஆன செலவு நூற்று எழுபத்து மூன்றுக்கு ஆகாது. பட்டினி என்று தெரிந்ததும் உடம்பும் கருமித்தனம் பிடிக்கும். இப்போது உன் செலவு ஆயிரத்து எழுநூறுதான் என்று வைத்துக்கொண்டு புதிதாகக் கணக்குப் போட்டேன். அப்படிப் போட்டாலும் மாதம் ஐந்து ராத்தல் இறங்கியிருக்க வேண்டும்.

ஆகவே இரண்டாவது காரணம். அளவில் எங்கோ பிசகு. வேண்டுமென்று செய்வதைச் சொல்லவில்லை. அறியாமல் வாயில் போவதைச் சொல்கிறேன். தேங்காய்ச் சில், பொட்டுக்கடலை, பிள்ளைகள் மீதம் வைத்தது, டீயில் கொஞ்சம் கூடுதல் பால். இவை எதுவும் கணக்கில் வருவதில்லை, ஆனால் சேர்ந்தால் ஐந்நூறு. இனி சாப்பிட்டு முடிந்து எழுதாதே. வாயில் வைக்கும் முன் எழுது. ஒரு நோட்டு போட்டுக்கொள்.

அரிசியை இரண்டு அவுன்ஸாகக் குறை. காலையில் ஒரே தோசை. எண்ணெய் கால் அவுன்ஸ். ஏறக்குறைய எழுநூற்று ஐம்பது வரும். இதற்குக் கீழே போகக் கூடாது.

வளையல் கழல்வது சோப்பால் இருக்கும். கோடையில் கை வியர்க்கும். இரண்டு வாயில் வயிறு நிறைவது நல்லதுதானே, வயிறு சுருங்கிவிட்டது என்று பொருள்.

இங்கே ஏலத்தோட்டத்தில் களை எடுக்கும் பெண்கள் ஆயிரத்து நானூறு கலோரியில் நாள் முழுவதும் மலை ஏறி இறங்குகிறார்கள். நான் விசாரித்துக் கணக்கெடுத்தேன். ஒருத்தி உடம்பிலும் ஒரு சிட்டிகைக் கொழுப்பு இல்லை. கணக்கு யாருக்கும் மாறுவதில்லை.

சைனுதீன்

*

மீனாட்சிபுரம்
12-7-1957, வெள்ளி

சைனுதீனுக்கு,

இரண்டு மாதமாக எழுதாமல் இருந்தது எழுத நல்லதாக ஒன்றும் இல்லாததால்.

இன்று நூற்று எழுபத்து நாலு. ஒரு ராத்தல் கூடியிருக்கிறது.

நீ சொன்ன நோட்டுப் போட்டேன், இதோடு அனுப்புகிறேன். வாயில் வைக்கும் முன் எழுதினேன். வெற்றிலை மென்றால்கூட எழுதினேன். ஹஜ்ஜுப் பெருநாளன்று ஒரு தப்பு நடந்தது, அதையும் எழுதுகிறேன். ஈரல் இரண்டு துண்டும் ஒரு கரண்டி நெய்ச்சோறும் தின்றேன். யாரும் கொடுக்கவில்லை. சட்டியிலிருந்து நானே எடுத்து நின்றுகொண்டே தின்றேன். அழுகை வந்தது. அரை மணி நேரத்தில் எல்லாம் வாந்தியாகப் போய்விட்டது, ஆகவே அதைக் கணக்கில் எப்படிப் போடுவது என்று தெரியவில்லை.

உன் மச்சான் இப்போது சிரிப்பதில்லை. போன வாரம் அவல் குறைந்திருக்கிறதா என்று டின்னைத் திறந்து பார்த்து மூடினார். பாலக்காட்டு டாக்டரிடம் மறுபடி போனோம். எடை இயந்திரத்தில் ஏற்றிப் பார்த்துவிட்டு, "நூத்தி எழுபத்தி நாலு. இன்னும் தின்னுட்டுத்தான் இருக்கா. கொறஞ்சதுக்கப்புறம் வாங்க," என்றார். படுக்கச் சொல்லவில்லை, தொட்டுப் பார்க்கவில்லை. ஐந்து நிமிடம்.

எனக்கு மூச்சு வாங்குகிறது. கிணற்றடியிலிருந்து குடம் கொண்டுவர நடுவில் ஒருமுறை இறக்கி வைக்கிறேன். சாயங்காலம் கால் பொதபொதவென்று ஆகிறது. இன்னும் எதைக் குறைக்க வேண்டும் சொல், குறைக்கிறேன்.

கௌலத்

*

குமுளி
20-7-1957

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் யாராவது சொல்ல வேண்டும்.

பிப்ரவரியிலிருந்து நான் சொன்ன அளவையும், மே மாதத்திலிருந்து உன் நோட்டில் நீ எழுதி அனுப்பிய ஒவ்வொரு நாளையும் கூட்டிப் பார்த்துவிட்டேன். நீ எழுதியது உண்மை என்றால் இன்று நீ நூற்று ஐம்பதுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். எழுநூற்று ஐம்பது கலோரியில் எடை கூடுகிற மனித உடம்பு உலகத்தில் கிடையாது. அப்படி ஒன்று இருந்தால் பஞ்சத்தில் யாரும் சாக மாட்டார்கள். கணக்கு பொய் சொல்லாது. அப்படியானால் பொய் எங்கே இருக்கிறது?

ஈரல் தின்றதை நீயே ஒத்துக்கொண்டாய். ஒருமுறை ஒத்துக்கொண்டால் ஒத்துக்கொள்ளாதது எத்தனை முறை? கடை உங்களுடையது. கதவு நடுவில்தான் இருக்கிறது என்று நீயே எழுதினாய். நான் குறை சொல்லவில்லை, பசி யாரையும் கள்ளத்தனம் செய்ய வைக்கும். ஆனால் எனக்கு எழுதும்போதாவது நிஜம் எழுது. இல்லாவிட்டால் இந்த நோட்டும் தராசும் எதற்கு? ரம்லாவின் நிக்காஹுக்கு உட்கார்ந்துகொண்டுதான் இருப்பேன் என்றால் அது உன் இஷ்டம்.

சைனுதீன்

*

மீனாட்சிபுரம்
29-7-1957

சைனுதீனுக்கு,

எனக்கு நீ எழுதியது புதன்கிழமை வந்தது. ரம்லாவுக்கு நீ எழுதியதும் அதே தபாலில் வந்தது.

அவள் அதை ஒளித்து வைக்கவில்லை. அடுப்படியில் வந்து நின்று, "மாமா இப்படி எழுதியிருக்காருங்கம்மா," என்று சொல்லிவிட்டு வாசித்தாள். கடைக்குப் போகும் கதவைப் பூட்டிச் சாவியை அவள் இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். நான் குளிக்கப் போகும்போது என் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். அம்மாவிடம் சொல்லக் கூடாது. வாசித்து முடித்து அவள் அழுதாள். நான் அழவில்லை. அரிசி இரண்டு அவுன்ஸ் நிறுத்துக்கொண்டிருந்தேன், நிறுத்து முடித்தேன்.

அம்மா மவுத்தானபோது உனக்கு ஆறு வயது. எனக்குப் பதினாறு. உனக்கு நான் சோறு ஊட்டியபோது அளந்து ஊட்டவில்லை. வேண்டாம் என்று நீ வாயை மூடிக்கொள்ளும் வரைக்கும் ஊட்டினேன். இதைச் சொல்லிக்காட்ட வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. சொல்ல வைத்துவிட்டாய்.

ஐந்து மாதமாக நான் பசியோடு இருக்கிறேன். நீ நம்ப வேண்டாம், அல்லாஹ்வுக்குத் தெரியும். இனிமேல் எனக்கு எழுதாதே. எழுதினால் பிரிக்க மாட்டேன்.

கௌலத்

*

குமுளி
13-8-1957

அக்கா,

பிரிக்க மாட்டேன் என்றாய். இதை மட்டும் பிரி. பிரித்துவிட்டு என்னைத் திட்டு.

நேற்று டாக்டர் செபாஸ்டின் வந்திருந்தார். ரம்லாவுக்கு எழுதிய பிறகு எனக்கு மனது சரியில்லை. பாத்து என்னோடு பேசுவதில்லை. "அக்காளை வேவு பாக்க மருமகளை ஏவுற ஆள் நீங்கதான்," என்றாள். உன் கணக்கை டாக்டரிடம் காட்டினால் அவராவது நான் சொன்னது சரி என்பார் என்று நினைத்து உன் கடிதங்களை எடுத்துப் போனேன். கடைசிக் கடிதத்தை மட்டும் காட்டவில்லை.

அவர் கலோரி எழுதிய பக்கத்தைப் பார்க்கவே இல்லை. மே மாதக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "கை மெலிஞ்சு வயிறு மட்டும் பெருக்குதா? ரெண்டு வாயில நிறையுதா? காலு வீங்குதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "இதை மே மாசமே ஏன் எங்கிட்ட காட்டலை?" என்றார்.

உன் வயிற்றில் இருப்பது கொழுப்பு இல்லை, நீராக இருக்கும் என்கிறார். நீர் ஏன் சேருகிறது என்று உடனே பார்க்க வேண்டும். பாலக்காட்டுக்கு வேண்டாம், கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு இந்த வாரமே போக வேண்டும். ஒருநாள்கூடத் தள்ளாதே. மச்சானுக்குத் தந்தி கொடுக்கலாமா என்று யோசித்தேன். கடையில் எல்லார் முன்னாலும் தந்தி வந்தால் நீ பயந்துவிடுவாய் என்று கடிதமே எழுதுகிறேன். நன்றாகச் சாப்பிடு. நிறுக்காதே.

அக்கா, பிரி.

சைனுதீன்

*

மீனாட்சிபுரம்
24-9-1957

தம்பி சைனுதீனுக்கு,

உன் கடிதம் ஆகஸ்ட் பதினேழு, சனிக்கிழமை வந்தது. சொன்னபடி நான் பிரிக்கவில்லை. பெட்டியில் துணிக்கு அடியில் வைத்தேன். இருபத்திரண்டு நாள் அது அங்கேயே இருந்தது. செப்டம்பர் எட்டாம் தேதி மூச்சு விட முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோது ரம்லா எனக்கு மாற்றுத்துணி எடுக்கப் போனவள் பார்த்து, என்னைக் கேட்காமல் பிரித்தாள். மறுநாள் காலை ரயிலில் கோயமுத்தூர்.

அங்கே ஒரு லேடி டாக்டர். வயதானவர். படுக்க வைத்து வயிற்றின்மேல் ஒரு கையை வைத்து இன்னொரு கைவிரலால் தட்டினார், பெட்டியைத் தட்டிப் பார்ப்பது போல. "ஏம்மா, இத்தனை நாளா வயித்தை ஆரும் தட்டிப் பாக்கலையா?" என்றார். எல்லாரும் தராசைத்தான் பார்த்தார்கள் என்றேன்.

அன்று எடை நூற்று எழுபத்திரண்டு. மறுநாள் ஊசி போட்டுக் குழாய் வைத்து நீர் எடுத்தார்கள். கஞ்சித்தண்ணீர் நிறம், பிறகு கொஞ்சம் சிவப்பு. எடுத்து முடித்து நிறுத்தார்கள். நூற்று நாற்பத்தாறு.

சைனுதீன், நூற்று அறுபதுக்கு வரச் சொன்னார்கள். நான் எப்போதோ வந்திருக்கிறேன். வந்து, தாண்டியும் போயிருக்கிறேன். எந்த வெள்ளிக்கிழமை என்று தெரியவில்லை. அன்றைக்கும் நாலு அரிசியை எண்ணித்தான் தின்றிருப்பேன்.

நீர் வடிந்த பிறகு வயிற்றை அமுக்கிப் பார்த்தார். கருப்பைக்குப் பக்கத்தில் கட்டி. குடலின் மேலெல்லாம் மணல் தூவியது போல் பரவியிருக்கிறதாம். கட்டி என்றால் சாதாரணக் கட்டி இல்லை. உன் மச்சான் பனியனைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஏனுங்க டாக்டரம்மா, இப்பத்தான் எடை எறங்கிருச்சுங்களே, இனி ஆபரேசன் பண்ணிரலாமுங்களா?" என்று கேட்டார். அந்த அம்மாள் கை கழுவிக்கொண்டே இருந்தார். கை சுத்தமான பிறகும் கழுவினார். பிறகு, "ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. நீர் சேர்ந்தா வந்து எடுத்துக்கலாம்," என்றார். எத்தனை நாள் என்று நான்தான் கேட்டேன். பெருமழை முடியும்வரை இருக்கலாம், அதற்கு மேல் சொல்ல முடியாது என்றார்.

உன் கணக்கு சரிதான். நான் எழுதியதும் சரிதான். இரண்டும் சரியாக இருந்திருக்கிறது. பசித்திருந்து நான் கரைத்ததை உள்ளே இருந்த ஒன்று நிரப்பிக்கொண்டே வந்திருக்கிறது. அது உன் புத்தகத்தில் இல்லை.

கௌலத்

*

குமுளி
30-9-1957

அக்காவுக்கு,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

நூற்று எண்பத்து நாலிலிருந்து நூற்று நாற்பத்தாறு. முப்பத்தெட்டு ராத்தல், ஏழு மாதம். கடிதம் வந்ததும் நான் முதலில் செய்தது இந்தக் கழித்தல்தான். செய்துவிட்டு எனக்கே என்மேல் அருவருப்பு வந்தது. நான் எதிர்பார்த்த எண் அது. நீ ஒரு பருக்கை கூடத் திருடவில்லை என்று அந்த எண் சொல்கிறது. உன் வாயால் சொன்னதை நம்பாமல் எண் சொல்லித்தான் நம்பியிருக்கிறேன்.

வளையல் கழல்கிறது என்றாய், சோப்பு என்றேன். இடுப்பில் துணி பத்தவில்லை என்றாய், அதற்குப் பதிலே எழுதவில்லை. கால் வீங்குகிறது, மூச்சு வாங்குகிறது என்று எழுதிய கடிதத்துக்குத்தான் உன்னைக் கள்ளி என்று எழுதினேன். இதே அறிகுறிகளோடு கூலிக்காரப் பெண் ஒருத்தி டிஸ்பென்சரி வாசலில் வந்து நின்றிருந்தால் ஒரு நிமிடத்தில் டாக்டருக்குச் சீட்டு எழுதியிருப்பேன். உன்னிடமிருந்து வந்ததால் கணக்காகப் பார்த்தேன். கணக்கில் பிழை இருந்தால் அது உன்னுடையதாக இருக்க வேண்டும் என்று பார்த்தேன்.

மே மாதமே பார்த்திருந்தால் என்று டாக்டர் செபாஸ்டினைக் கேட்டேன். "அப்பவும் பெருசா ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது," என்றார். எனக்காகச் சொன்னாரா, உண்மையா என்று தெரியவில்லை. மறுபடி கேட்கத் தைரியம் இல்லை.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு யோக்யதை இல்லை. கேட்கிறேன்.

இனி எதையும் அளக்காதே. ஈரல் வேண்டுமா, நெய்ச்சோறு வேண்டுமா, கருப்பட்டி வேண்டுமா, எது வேண்டுமோ அது. நான் வரலாமா என்று ஒரு வரி எழுது. நீ எழுதாமல் வரப் பயமாக இருக்கிறது.

சைனுதீன்

*

மீனாட்சிபுரம்
9-10-1957

சைனுதீனுக்கு,

எழுத்து மாறியிருக்கிறதே என்று பார்க்காதே. நான் சொல்லச் சொல்ல ரம்லா எழுதுகிறாள். நடுவில் பேனாவை வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறாள். அதட்ட வேண்டியிருக்கிறது.

நீர் திரும்பவும் சேர்ந்துவிட்டது. மறுபடி கோயமுத்தூருக்குப் போக என்னால் ஆகாது. உட்கார்ந்தபடியே தூங்குகிறேன். ரம்லாவின் நிக்காஹை வருகிற பதினெட்டு, வெள்ளிக்கிழமைக்கே முன்னுக்கு இழுத்துவிட்டோம். புதுநகரத்துக்காரர்கள் நல்லவர்கள், ஒன்றும் கேட்கவில்லை. பந்தல் வேண்டாம், வீட்டுக்குள்ளேயே.

எது வேண்டுமோ சாப்பிடு என்று எழுதினாய். உன் மச்சானும் அதையே சொல்கிறார். தினம் கடையிலிருந்து ஒரு பொட்டலம் கொண்டுவந்து என் பக்கத்தில் வைக்கிறார். முந்திரி, பேரீச்சை, பாலக்காட்டிலிருந்து அல்வா. வைத்துவிட்டு நான் பிரிக்கிறேனா என்று கதவோரம் நிற்கிறார். அவருக்காக வாயில் வைக்கிறேன், இறங்கவில்லை. நேற்று இரண்டு ஸ்பூன் கஞ்சி. எத்தனை நாள் பசித்துக்கொண்டு படுத்தேன். அந்தப் பசி இப்போது வந்தால் போதும் என்றிருக்கிறது.

மன்னிப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். இந்த நோயைவிட அந்தக் கடிதம் வலித்தது என்று ரம்லாவிடம் சொன்னேன், அதை எழுத மாட்டேன் என்றாள், எழுது என்றேன். நீயும் தெரிந்துகொள்ள வேண்டும், சும்மா போய்விடக் கூடாது. ஆனால் இருபத்திரண்டு நாள் கடிதத்தைப் பெட்டியில் வைத்திருந்தவள் நான். அது என் பங்கு. அதற்கு நீ என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் உன்னைக் கேட்கப் போவதில்லை. இதற்குப் பெயர் மன்னிப்பு என்றால் அப்படியே வைத்துக்கொள்.

வா. பாத்துவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. கம்பத்துக்கு இறங்கி, பழனி வழியாகப் பொள்ளாச்சி வந்துவிட்டால் அங்கிருந்து ரயில் இருக்கிறது. ரயில் தவறினால் கோபாலபுரம் போகும் பஸ்ஸில் ஏறு, அங்கிருந்து மாட்டுவண்டி கிடைக்கும். வெள்ளிக்கிழமைக்கு வந்தால் போதும் என்று இருந்துவிடாதே, முன்னாலேயே புறப்படு. காலையில் கொஞ்சம் பேச முடிகிறது, சாயங்காலம் முடிவதில்லை.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் வாசல்படி ஏறினதும் என் வயிற்றைத்தான் பார்க்கிறார்கள். எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு கூடியிருக்கிறது என்று கண்ணாலேயே நிறுக்கிறார்கள். பிறகுதான் முகத்துக்கு வருகிறார்கள். அதற்குள் எனக்கு வெட்கமாகிவிடுகிறது.

நீ உள்ளே வந்ததும் முதலில் முகத்தைப் பார்.

கௌலத்